வேலையை விடாமல் எழுத்தாளர் ஆகலாம்: டெட் சியாங் காட்டும் வழி

கதை எழுதுவதற்காக வேலையை விட நினைக்கிறீர்களா? ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990இல் ‘ஆம்னி’ இதழில் அச்சேறிய அவருடைய முதல் கதை ‘டவர் ஆஃப் பாபிலோன்’. அந்த ஆண்டின் சிறந்த நெடுங்கதைக்கான நெபுலா விருது அதற்கே கிடைத்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் மென்பொருள் துறையில் தொழில்நுட்ப எழுத்தாளராகவே சம்பாதித்தார்.

அவரிடமிருந்து கற்க ஐந்து பாடங்கள்:

1. சம்பளம் வரட்டும்: மாத வருமானம் இருந்தால் பணத்துக்காக அரைகுறைக் கதையை அனுப்ப வேண்டியதில்லை. சியாங்கின் முதல் தொகுப்பு 2002இல்தான் வந்தது; அதில் 8 கதைகளே இருந்தன.

2. பட்டறையில் உட்காருங்கள்: பள்ளிக் காலத்திலிருந்தே இதழ்களுக்குக் கதை அனுப்பியவர், 1989இல் ஆறு வார கிளாரியன் எழுத்துப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுவார்கள். உங்களுக்கும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் மூன்று வாசகர்கள் வேண்டும்.

3. கற்பனைக்கும் கணக்கு வேண்டும்: ‘டவர் ஆஃப் பாபிலோன்’ கதையில் வரும் கோபுரம் வானத்தைத் தொடுகிறது. செங்கல் வண்டியை இழுப்பவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆகும். வழியிலேயே குடும்பங்கள் வாழ்கின்றன, பயிர் வளர்கிறது. வேலை செய்பவரின் கண்ணால் பார்த்தால் எந்த அதிசயமும் நம்பும்படி ஆகிவிடும்.

4. முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்: கதையின் இறுதிப் பகுதியையே முதலில் எழுதுவதாகச் சியாங் சொல்லியிருக்கிறார். பாதியில் கதைகளைக் கைவிடுபவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

5. படிக்க நேரம் ஒதுக்குங்கள்: ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ கதைக்காகப் பல ஆண்டுகள் மொழியியல் படித்தார். 1998இல் வந்த அந்தக் கதைதான் 2016இல் ‘அரைவல்’ திரைப்படமானது.

தரத்தில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சான்று: 2003இல் வேறொரு கதைக்குக் கிடைத்த ஹியூகோ விருதுப் பரிந்துரையையே மறுத்தார். அவசரத்தில் முடித்த அந்தக் கதை, தான் நினைத்தபடி அமையவில்லை என்பதே காரணம்.

வாரத்தில் சில மணி நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கி, அதை அலுவலகக் கூட்டம்போலக் கட்டாயமாக்குங்கள். ஆண்டுக்கு ஒரு கதை வந்தாலும் போதும். அது முழுமையாக இருக்கட்டும்.