தேடுவோர் கண்ணில் உங்கள் கடை

பித்தளைக் கலைப்பொருட்களுக்குப் பெயர்பெற்ற மொராதாபாத்திற்கு வரும் வெளியூர் வணிகர், கடைவீதியில் விசாரிப்பதற்கு முன் கைப்பேசியில் தேடுகிறார். அங்கே இடம்பெறாத கடை, எதிரில் இருந்தும் அவர் கண்ணில் படுவதில்லை.

இதற்கு முதற்படி கூகுள் பிசினஸ் புரொஃபைல் பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. உள்ளூர்த் தேடலில் வரிசையைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: பொருத்தம், தொலைவு, பிரபலம். தொலைவை மாற்ற இயலாது. மற்ற இரண்டையும் முயற்சியால் உயர்த்தலாம். தொழிலுக்கு மிக நெருக்கமான வகையைத் தேர்ந்தெடுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பெயர்ப்பலகையிலும், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்குகளிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். விடுமுறை நாட்களை முன்கூட்டியே குறிப்பிடுங்கள். பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர் மீண்டும் வருவது அரிது. குறைகூறும் மதிப்புரைக்கும் பணிவுடன் மறுமொழி அளியுங்கள். மதிப்புரைக்காகப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுளின் விதிகளுக்கு முரணானது.

ஓர் எச்சரிக்கை: "பணம் செலுத்தினால் முதலிடம்" என்று அழைப்போரை நம்பாதீர்கள். விளம்பரம் வேறு, இவ்வரிசையில் இடம் விலைக்குக் கிடைப்பதன்று. பதிவின்போது வரும் சரிபார்ப்புக் குறியீட்டை, வங்கியின் ஓடிபியைப் போலவே, எவரிடமும் பகிராதீர்கள். பகிர்ந்தால் உங்கள் பக்கம் பிறர் வசமாகலாம். அதிலுள்ள தொலைபேசி எண் மாற்றப்பட்டால், உங்களை நாடும் வாடிக்கையாளரின் பணமும் வேறு கைக்குச் சென்றுவிடும்.