விரைவில் வெளிவரும்

அன்புள்ள கயல்விழி,

உன் கதை மலரில் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆசிரியர்க் குறிப்புக்காக நீ எழுதி அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ‘வெளிவந்தவை’ என்பதன் கீழ் ஒரே கதை. ‘எழுதிக்கொண்டிருப்பவை’ என்பதன் கீழ் ஏழு பெயர்கள். “இது பீற்றலா சித்தப்பா?” என்று கேட்டிருந்தாய். நான் சிரித்துவிட்டேன். என் முதல் தொகுப்பின் பின்னட்டையில் ‘விரைவில் வெளிவரும்’ என்று ஒரு நாவலின் பெயர் இருக்கும். அந்த ‘விரைவு’ முப்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் எல்லா அறிவிப்பும் என்னுடையதைப் போன்றதல்ல. 1920-ல் பாரதி ஓர் அறிக்கையை அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு, 1918-ல் திரும்பும் வழியில் கடலூரில் கைதாகி, விடுதலையாகி, கடையத்துக்கு வந்து சேர்ந்திருந்த காலம். கையெழுத்துப் பிரதிகளை நாற்பது புத்தகங்களாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் முதலில் பத்தாயிரம் படி அடிப்பது என்பது திட்டம். பெருக்கிப் பார், நாலு லட்சம் படி! தொடக்கச் செலவு 20,000 ரூபாய். அதற்காக ஆளுக்குக் குறைந்தது நூறு ரூபாய் கடன் கேட்டார். இருநூறு பேர் கொடுத்திருந்தால் போதும். சும்மா கேட்கவில்லை, மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியும் முத்திரை ஒட்டிய புரோநோட்டும் தருவதாகச் சொன்னார். தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்குமென்றும் நம்பினார். கவிஞனுக்குக் கணக்கு வராது என்பவர்களிடம் இந்த அறிக்கையைக் காட்டலாம். வரவு விஷயத்தில் மட்டும் மனுஷர் கொஞ்சம் தாராளமாகக் கனவு கண்டுவிட்டார்.

பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில் அவர் இறந்துபோனார். அதுவரை அச்சேறியிருந்தவற்றைப் பார்த்தால் அந்த நாற்பதுக்குப் பக்கத்திலேயே வராது. 1908-ல் ‘ஸ்வதேச கீதங்கள்’, 1912-ல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம், 1917-ல் ‘கண்ணன் பாட்டு’, இன்னும் சில சிறு நூல்கள். ‘கண்ணன் பாட்டை’ அச்சுக்குக் கொண்டுவந்தவர் பரலி சு. நெல்லையப்பர். பாரதி அவரைத் ‘தம்பி’ என்றே அழைத்தார். வயதில் சிறியவர்கள் எழுத்துக்கு எவ்வளவு உதவ முடியும் என்பதற்கு அவர் ஒருவர் போதும். உன் சிநேகிதிகளிடம் சொல்லிவை. பாஞ்சாலியின் இரண்டாம் பாகம் அச்சில் வந்தபோது 1924 ஆகிவிட்டது. ‘சந்திரிகையின் கதை’ பாதியிலேயே நின்றுவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த அறிக்கையை நான் பீற்றல் என்று சொல்லமாட்டேன். பிரதிகள் அவர் கையில் இருந்தன, அச்சுக்கூலிதான் இல்லை. நான் அறிவித்த நாவலுக்கு இருந்ததெல்லாம் ஒரு நல்ல தலைப்பும் ஒன்றரைப் பக்கமும். பின்னட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உன் சித்தி மட்டும் வித்தியாசம் தெரிந்தவள். “அந்த நாவல் என்னாச்சு?” என்று வருஷா வருஷம் பொங்கலுக்குக் கேட்பாள், வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்யும்போது.

ஆகவே பட்டியலை மலருக்கு இப்போதே அனுப்பிவிடாதே. ஏழு பெயர்களுக்கும் எதிரே, இதுவரை எழுதியது எத்தனை பக்கம் என்று பென்சிலால் குறி. ‘மனதில் இருக்கிறது’ என்பதற்குப் பூஜ்யம் போடு. ‘கிணற்றடி’க்கு ஒன்பது பக்கம் இருக்கும், போன விடுமுறையில் மொட்டைமாடியில் படித்துக்காட்டினாயே. அதில் பாட்டி வாளியைக் கிணற்றுக்குள் தவறவிடும் இடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் என்ன நடந்தது என்று நீ சொல்லவேயில்லை. அந்த ஒன்பது பக்கத்தையும் தபாலில் அனுப்பு. பதிலுக்கு என் ஒன்றரைப் பக்கத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா