எழுவாய் எங்கே?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதிவரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலப் பாடத்தில் தேர்ச்சி பெற்றிருந்தேன். ஆனால் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல் என்றால் நா எழாது.

சென்ற ஆண்டு சம்பா நடவுக்காக ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். வராத காரணத்தை ஆங்கிலப் பேராசிரியர் கேட்டார். "வென்ட் டு வில்லேஜ், சார்" என்றேன். "ஹூ வென்ட்?" என்றார் அவர். போனவன் நான்தானே, எதிரிலேயே நிற்கிறேனே என்று விழித்தேன். வகுப்பே சிரித்தது. அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை.

இரவு விடுதியில் அதையே எண்ணிக் கொண்டிருந்தபோதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. நான் சொன்னது பிழைதான். ஆனால் அது அறிவின்மையால் வந்த பிழை அன்று. தமிழ்ப் பழக்கத்தால் வந்த பிழை. என்னைப் போன்றவர்களுக்கு அதை விளக்கவே இக்கட்டுரை.

யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய், ஆங்கிலத்தில் சப்ஜெக்ட். அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது பயனிலை, ஆங்கிலத்தில் பிரெடிகேட். 'பேர்ட்ஸ் ஃப்ளை' என்பதில் 'பேர்ட்ஸ்' எழுவாய், 'ஃப்ளை' பயனிலை. ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்க. தமிழில் செயப்படுபொருளைத் தனியே பிரிப்போம். ஆங்கிலத்தில் எழுவாய் போக எஞ்சியதெல்லாம் பிரெடிகேட்டில் அடங்கும். 'மை மதர் செல்ஸ் ஃப்ளவர்ஸ்' என்பதில் 'செல்ஸ் ஃப்ளவர்ஸ்' முழுவதுமே பிரெடிகேட்.

எழுவாயைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். பிறகு அதனிடம் 'யார்? எது?' என்று கேளுங்கள். 'தி பாய் நியர் தி டோர் ஸ்லீப்ஸ்' என்ற வாக்கியத்தில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் 'டோர்' நிற்கிறது. ஆனால் கதவா தூங்கும்? தூங்குபவன் பையன். ஆகவே 'பாய்' என்பதே எழுவாயின் தலைமைச் சொல்.

இனி, நம்மவர் இடறி விழும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, எழுவாயை விட்டுவிடுதல். 'போனேன்' என்றால் போனவன் நான் என்பதை 'ஏன்' விகுதியே சொல்லிவிடுகிறது. போனாய், போனாள், போனார்கள் என்று விகுதி மாற ஆளும் மாறுகிறது. எனவே தமிழில் எழுவாய் மறைந்து நிற்கலாம். அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கிலத்திலோ ஐ வென்ட், யூ வென்ட், ஷி வென்ட், தே வென்ட் என எல்லாருக்கும் ஒரே 'வென்ட்'தான். எழுவாயை விட்டால் போனது யார் என்றே தெரியாது. பேராசிரியர் கேட்டது கேலி அன்று, இலக்கணம். 'கம் ஹியர்' போன்ற ஏவல் வாக்கியங்களில் மட்டும் 'யூ' மறைந்து நிற்கும்.

இரண்டாவது, 'இட்' என்னும் சொல். மழை பெய்வதை 'இட் இஸ் ரெயினிங்' என்கிறார்கள். இந்த 'இட்' எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிறோமே, அதுபோல எழுவாயின் இடம் காலியாக இராமல் போட்டு வைத்த சொல் இது.

மூன்றாவது, வினைச்சொல்லை விட்டுவிடுதல். 'என் தந்தை உழவர்' என்பது தமிழில் முழு வாக்கியம். 'உழவர்' என்ற பெயரே பயனிலை. அதை நம்பி 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதினால் பிழை. ஆங்கிலப் பயனிலையில் வினைச்சொல் இருந்தே தீர வேண்டும். 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்பதே சரி.

நான்காவது, வேற்றுமை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் உள்ள 'எனக்கு' ஆங்கிலத்தில் 'டு மீ' ஆகாது. 'ஐ ஆம் ஹங்ரி' என்று 'ஐ' எழுவாயாக முன்னே வந்துவிடும்.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக் கொடுத்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அண்ணே, அந்த 'இஸ்' எங்கேருந்து வந்துச்சு? தமிழ்ல நாம சொல்லவே இல்லையே!" என்றாள். ஓராண்டுக்கு முன் எனக்கு எழுந்திருக்க வேண்டிய ஐயம் அது. கேட்டதற்காக அவளை யாரும் சிரிக்கவில்லை.

இவ்வாண்டும் நடவுக்குப் போய்த் திரும்பினேன். அதே பேராசிரியர் காரணம் கேட்டார். "ஐ வென்ட் டு மை வில்லேஜ், சார்" என்றேன். "நடவு முடிந்ததா?" என்று தமிழில் கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார்.

நண்பர்களே, ஆங்கிலம் எட்டாக் கனி அன்று. வாய் திறக்குமுன் யார், என்ன என்ற இரண்டு கேள்விகளையும் நமக்கு நாமே கேட்டுக் கொள்வோம். பிழை வந்தால் வரட்டும். எழுந்து நின்று பேசுவோம்.