பழைய காரும் பிரேக்கும்

மசூரியிலிருந்து டேராடூனுக்கு இறங்கும்போது எங்கள் பழைய அம்பாஸடரின் பிரேக் பெடல் தரையைத் தொட்டது. வண்டியில் நால்வர் இருந்தோம். இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் ஒதுக்கி நிறுத்தினேன். அரைமணி கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! கீழே ஒரு பட்டறையில் காட்டினோம். "குறை ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். குறை இல்லாமலா நால்வர் உயிர் ஊசலாடிற்று?

2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. எங்களுடையதில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே. நாம் மிதிக்கும் விசை மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அவ்வழுத்தம் குழாய் வழியே வீல் சிலிண்டர்களுக்குச் சென்று, ஷூக்களை டிரம்மின் உட்புறத்தோடு சேர்த்து அழுத்துகிறது. திரவம் எளிதில் சுருங்காது. காற்றும் ஆவியும் சுருங்கும். பிரேக்கின் நோய்களில் பாதி இந்த வேற்றுமைக்குள் அடக்கம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரையேனும் கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரமேறிய ஆயிலுக்கு அவ்வெல்லை 140 தான். நானோ இறக்கம் முழுதும் மேல் கியரிலேயே வந்து, பிரேக்கை ஓயாமல் மிதித்திருந்தேன். டிரம்மின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாயிற்று. ஆறியதும் ஆவி திரவமாயிற்று, நோயும் ஒளிந்துகொண்டது.

பழைய ஆயிலை வெளியேற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குக. ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் தளர்த்தி, குமிழியோடு வரும் ஆயிலைப் புட்டியில் பிடித்து, பெடல் மேலெழும் முன் நிப்பிளை இறுக்கிவிட வேண்டும். இடையிடையே மேலே புது ஆயில் ஊற்ற மறந்தால் மீண்டும் காற்று புகும். நான் மறந்தேன், முதலிலிருந்து தொடங்கினேன். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும்.

இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறதா? ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். சக்கரம் உரசும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, உரசல் நீங்குமளவு தளர்த்துக. மிதித்திருக்கையிலேயே பெடல் மெல்ல இறங்கி, வெளியே கசிவும் இல்லையெனில், மாஸ்டர் சிலிண்டர் வாஷரைச் சந்தேகிக்கலாம். வண்டி இடப்புறம் இழுத்தால் இடச் சக்கரத்தையே பழிக்கிறோம். வலப்புற ஷூவில் ஆயில் படிந்து அது பிடிக்காமலிருப்பதும் உண்டு. டிரம்மைக் கழற்றினால் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

சில்லறைக் கோளாறுகளில் முகவிளக்கு மங்குவது ஒன்று. எர்த் கம்பி சேருமிடத்துத் துருவைச் சுரண்டி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகும். புது பல்பு வாங்கி மாட்டிய பிறகே இதைக் கண்டுபிடித்தவன் நான்.