மூன்று படிகள்

எங்கள் மையத்தில் ஒரு அக்கா படிக்கிறார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலியில்தான் வருவார். வீட்டு வாசலில் மூன்று படிகள். அண்ணன் வேலைக்குப் போய்விட்டால் இறக்கிவிட ஆள் இல்லை. அன்று அவருக்குப் படிப்பும் இல்லை.

ஒரு நாள் அக்கா கேட்டார்: “தம்பி, அரசாங்க வீடு எனக்குக் கிடைக்குமா? அண்ணன் பேருக்குத்தான் தருவார்களாமே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து படித்தோம்.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அரசு வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்.

கிராமத்தில் வீடில்லாதவர்களுக்கும் மண் வீட்டில் இருப்பவர்களுக்கும் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் இருக்கிறது. சமவெளியில் 1,20,000 ரூபாய். மலைப் பகுதியில் 1,30,000 ரூபாய். பணம் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் சரிபார்ப்பார்கள். ஆகவே கிராம சபைக்குப் போக வேண்டும்.

மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கிய வீட்டை அவர் பேரில்தான் தர வேண்டும். இந்த வரியை அக்கா இரண்டு முறை படித்தார்.

“வீடு வந்தாலும் படி இருக்குமே?” என்றார் பிறகு. அது சரியான கேள்வி. வீட்டைக் கட்டிவிட்டு இடிப்பது வீண் செலவு. முதலிலேயே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.

கொத்தனாரிடம் போனோம். “ஒரு அடி உயரத்துக்கு மூன்றடி நீளம் சாய்வு போட்டால் போதும்” என்றார் அவர். போதாது. அந்தச் சரிவில் நாற்காலி தானாக உருண்டுவிடும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நேராக இடம் இல்லாவிட்டால் பாதியில் சமதளம் விட்டுத் திருப்பலாம். ஓரத்தில் கைப்பிடி வேண்டும்.

அக்கா டேப் பிடித்துத் தன் நாற்காலியை அளந்தார். அகலம் இரண்டு அடி இரண்டு அங்குலம். அவரே அதைப் படித்தார், அவரே எழுதினார். கதவு திறந்த பின் வழி மூன்று அடி இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நாற்காலி திரும்ப ஐந்து அடி இடம் வேண்டும். கழிப்பறையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மனுவை அக்கா தன் கையால் எழுதினார். ஓர் எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. அவரே பார்த்துத் திருத்திக்கொண்டார்.

கணக்குப் போடுங்கள்: வீட்டுத் தரை ஒன்றரை அடி உயரம். சாய்தளம் எத்தனை அடி நீளம் வேண்டும்?