செயலை என்னும் மெய்யசோகு

அசோகு யாது என வினவின், மதிலோரத்தே கம்பம்போல் நிமிர்ந்து, இலைகள் கீழ்நோக்கித் தொங்க நிற்கும் மரத்தையே நம்முட் பலர் சுட்டுவர். அது நெட்டிலிங்கம், சீத்தாவின் இனத்தது. அதன் பசிய பூ இலையினிடையே மறைந்து கிடப்பது. குறிஞ்சிப்பாட்டில் மகளிர் கொய்த மலர்களுள் ஒன்றாகக் கபிலர் கூறும் பிண்டி அதுவன்று. சீதை சிறையிருந்த வனத்திற்குப் பெயர் தந்ததும், அருகக் கடவுளுக்கு நிழல் செய்வதாகச் சமணர் போற்றுவதும் இப்பிண்டியே. செயலை என்பதும் இதற்கே பெயர். செய்யுளிற் செயலையைக் கற்று, முற்றத்தில் நெட்டிலிங்கத்தைக் காணும் மாணவர்க்குப் பாட்டின் பொருள் பாதியே விளங்கும்.

செயலையின் இளந்தளிர் செப்பு நிறத்ததாய், வாடியதுபோலத் துவண்டு தொங்கும். சங்ககால மகளிர் அதனைத் தழையாக உடுத்தனர் என்பது, அம்மென்மையைத் தொட்டுணர்ந்தார்க்கு வியப்பாகாது. பூக்கள் முதிர்ந்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாய் அமரும். நாம் இதழெனக் கருதுவது உண்மையில் நிறம் பெற்ற புல்லிவட்டமே. அல்லிவட்டம் இதற்கு இல்லை. பொன்னிறத்தில் மலர்ந்து நாட்செல்லச் சிவத்தலின், ஒரே கொத்திற் பல நிறங் காணலாம். மாசி முதற் சித்திரை வரை பெரிதும் பூக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இம்மரம், அசோகாரிட்டம் முதலிய மருந்துகளுக்காகப் பட்டை உரிக்கப்பட்டு அருகிவருகின்றது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-இல் இதனை அழியத்தக்க நிலையிலுள்ள இனங்களுட் சேர்த்தது.

நங்கையொருத்தியின் அடி பட்டால் அசோகு மலரும் என்பது வடநூலார் மரபு. காளிதாசரது நாடகத்தில் மாளவிகை அங்ஙனமே செய்கின்றாள். வெம்மை மிக்க சமவெளித் தோட்டத்தில் அதற்கு வேண்டுவன நிழலும் நீருமே. விதை நெடுநாள் உயிர் தாங்காது. ஆதலின் முற்றியுதிர்ந்தவற்றை உலர விடாது உடனே ஊன்றல் வேண்டும். கன்றை மாமரம் போன்றதொரு பெருமரத்தின் கீழ்ப்புறத்தே நடுதல் நலம். பிற்பகல் வெயில் அதனைத் தாக்காது. குழியில் மக்கிய இலையும் தொழுவுரமும் இடுக. அடியில் சருகு பரப்பி ஈரங் காக்க வேண்டும். நீர் தேங்கினும் வேர் கெடும். முதலிரு கோடைகளிலேயே காவல் மிக வேண்டும்.

கன்று விற்பாரிடம் அசோகு எனக் கேட்பின் பெரும்பாலும் நெட்டிலிங்கமே கைக்கு வரும். ஆதலின் இலையைப் பார்த்து வாங்குக. நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை. விளிம்பு அலையலையாய் இருக்கும். செயலைக்கோ ஒரே காம்பில் சிற்றிலைகள் இணையிணையாய் எதிரெதிர் நிற்கும்.