விடுமுறைக்குப் பின் நட்புப் பேணல்



கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் நம்மவருள் சிலர் தென்காசி, குற்றாலம், பண்பொழி முதலிய மலையடிவார ஊர்களுக்குச் சென்று, சூன் மாதத் தொடக்கத்துச் சாரலில் மகிழ்ந்து, பள்ளி திறக்குமுன் வீடு திரும்புகின்றனர். திரும்பும் வழியில் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள கழுகுமலையையும் தரிசிப்பதுண்டு. அங்கே கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பாறையிற் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குமரிப் பகுதியின் திருச்சாரணத்துக் (இன்றைய சிதறால்) குரத்தியர் பெயரும் அவற்றுள் ஒன்று. ஊர்த் தொலைவு அறவுறவை அறுக்கவில்லை என்பதற்கு அக்கல்வெட்டுகளே சான்று.

நாமோ ஒரு திங்கள் பிரிந்திருந்த குடும்ப நண்பரை, அடுத்த தெருவிலேயே இருந்தும், பல நாள் காணாதிருக்கிறோம். இக்குறை நீங்க வழி யாது? உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகளைக் கூறியுள்ளார். அவற்றை இங்குப் பொருத்திக் காண்போம்.

1. மைத்ரி: எவ்வுயிரிடத்தும் நட்பு. "அவர்களே வரட்டும்" என்று காத்திராமல், வெளியூர் சென்று வந்தவரே முதலில் சென்று நலம் வினவுதல் முறை.

2. பிரமோதம்: குணத்தால் மிக்காரைக் கண்டு உவத்தல். நாம் கண்ட அருவியை வருணிக்குமுன், நண்பர் வீட்டில் நோன்பு முடித்தவரையும் நன்கு கற்றுத் தேறிய பிள்ளையையும் மனமாரப் பாராட்டுவோம்.

3. காருண்யம்: துன்புறுவாரிடத்து இரக்கம். நாம் இல்லாத நாளில் அங்கு நோயோ இறப்போ நேர்ந்திருக்கலாம். பொருள் முட்டுப்பாட்டால் அவர்கள் எங்கும் செல்ல இயலாதிருந்திருக்கலாம். அவ்வீட்டில் நம் பயணப் பெருமையை விரித்துரைப்பது தகாது. அவர்தம் துயரைக் கேட்டு, இயன்ற உதவியைச் செய்தலே கடமை.

4. மாத்யஸ்த்யம்: நல்லுரை ஏலாதாரிடத்து நடுவுநிலை. முகங்கொடுத்துப் பேசாதவரையும் வெறுக்காமல், பிறரிடம் புறங்கூறாமல், அமைதியாகத் திரும்புவோம்.

நடைமுறையில் இரண்டு செய்திகளை நினைவில் வைத்தல் நலம். இரவுண்ணாமை நம் ஒழுக்கமாதலின், பொழுது சாயுமுன் சென்றால்தான் விருந்தோம்புவார்க்கு இடர் இராது. குற்றாலத்தில் மலைத்தேன் விற்கப்படினும், தேன் நமக்கு விலக்கு. மங்குஸ்தான், ரம்புட்டான் போன்ற பழங்களைக் கொண்டு செல்லலாம்.

விடுமுறைக்குப் பின் வருவது சாதுர்மாசம். சிற்றுயிர்க்கு ஊறு நேராதிருக்க, முனிவர்கள் மழைக்காலத்து நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். அதனிடையே பாத்ரபதத்தில் தசலக்ஷண பருவம் வரும். அதன் முதல் தருமம் உத்தம க்ஷமை, நிறைவில் க்ஷமாவணி. சமண முனிவர் இயற்றிய நாலடியாரில் 'நட்பிற் பிழை பொறுத்தல்' தனியோர் அதிகாரமாகவே அமைந்துள்ளது. எனவே மனத்தாங்கல் ஏதேனும் இருப்பின், அதனை க்ஷமாவணி வரை சேர்த்து வைத்தல் வேண்டா. ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே நண்பர் இல்லம் செல்வோம், பிழை பொறுப்போம், நம் பிழையையும் பொறுக்க வேண்டுவோம்.

அறம் வளர்க!